வீட்டு டீக்கி பார்: கோப்பைகள் சேர்ந்துவிட்டன, அறையை எங்கிருந்து தொடங்குவது?

#1 கடலோரக்கராஜ் | லாங் பீச், கலிஃபோர்னியா

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வருடம் நண்பர் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸில், சன்செட் சாலையில் இருக்கும் டீக்கி-டீ என்ற டீக்கி பாருக்கு, அதாவது மூங்கில், ஓலை, செதுக்கிய முகங்கள் என்று பசிபிக் தீவுபோல ஜோடித்த மதுக்கடைக்கு, அழைத்துப் போனார். 1961இல் ரே புஹேன் என்ற பிலிப்பினோக்காரர் திறந்த கடை, இன்றும் அவர் குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள். கவுண்டரில் ஒரு டஜன் ஸ்டூல்தான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வெளியே கார்கள் ஓடுகின்றன என்பதே மறந்துவிட்டது. கூரையிலிருந்து தொங்குவதையெல்லாம் பார்த்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

எஸ்டேட் சேல் என்னும் வீட்டுப் பொருள் விற்பனை, பழைய பொருள் விற்கும் திரிஃப்ட் கடை, ஈபே என்று அலைந்து இதுவரை 23 டீக்கி கோப்பைகள், முகம், மூங்கில் என்று பல வடிவில் வரும் பீங்கான் கோப்பைகள், சேர்த்திருக்கிறேன். கராஜில் பாதியை, 10 அடிக்கு 12 அடி, இதற்கென்று ஒதுக்கிவிட்டோம். மற்ற பாதியில் வாஷிங் மெஷின். அலமாரி அடித்தேன், கோப்பைகளை வரிசையாக வைத்தேன், முன்னால் ஒரு மூங்கில் கவுண்டரும் போட்டேன். ஆனால் விளக்கைப் போட்டதும் அது ஒரு பீங்கான் கடையாகத்தான் தெரிகிறது. டீக்கி-டீயில் கிடைத்ததில் நூறில் ஒரு பங்கு கூட இங்கே இல்லை. கையில் இன்னும் 1500 டாலர் இருக்கிறது. எதில் போடலாம், சொல்லுங்கள்.

#2 மூங்கில்வேலி | ஓக்லந்து

வாங்க நண்பரே. முதலில், கோப்பை வாங்குவதை ஆறு மாதம் நிறுத்துங்கள். கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்துவிட்டீர்கள். கெட்டுப்போனது ஒன்றுமில்லை, கோப்பைகள் காத்திருக்கும்.

கூரையின் நடுவே வெள்ளை டியூப் லைட் இருக்கிறதா? இருந்தால் அதைக் கழற்றுங்கள். டீக்கி அறை என்பது முதலில் இருட்டு, அப்புறம்தான் மூங்கில், ஓலை எல்லாம். இந்த முழு மரபையும் தொடங்கிவைத்த டான் பீச், எர்னஸ்ட் கான்ட் என்பது அவருடைய இயற்பெயர், 1930களின் தொடக்கத்தில் மதுவிலக்கு நீங்கிய கையோடு ஹாலிவுட்டில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்தார். வெளியே கலிஃபோர்னியா வெயில். உள்ளே கால் வைத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்ல மூங்கில் தெரியும், வலை தெரியும், அலைந்த காலத்தில் அவர் சேர்த்துவந்த பொருட்கள் தெரியும். தகரக் கூரைமேல் தோட்டக் குழாயால் தண்ணீர் அடித்து மழைச்சத்தம் உண்டாக்குவாராம். மழை பெய்கிறது என்று நினைத்து, இன்னொன்று குடித்துவிட்டுப் போகலாம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். வெளியுலகத்தை மறைப்பதுதான் வேலை என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

எங்கள் ஓக்லந்தில் விக்டர் பெர்ஜரான் 1934இல் திறந்த கடைதான் பிறகு டிரேடர் விக்ஸ் ஆனது. மை தாய் என்ற ரம் பானம் பிறந்ததும் இங்கேதான், 1944இல். அது வேறு கதை, அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் அறைக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். கூரைக்குக் கறுப்பு அல்லது அடர்பழுப்பு அடியுங்கள். ஒரு பெரிய விளக்குக்குப் பதில் எட்டுப் பத்துச் சின்ன விளக்குகள், ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில். பல்ப் மஞ்சளொளி தரும் 2200 கெல்வின் எல்இடி, அதைத் தாண்ட வேண்டாம். நடுநடுவே அம்பர், சிவப்பு, ஒரு மூலையில் மட்டும் பச்சை. எல்லாவற்றையும் ஒரே டிம்மரில் கோத்துவிடுங்கள். நாற்காலியில் உட்காருபவர் கண்ணுக்குப் பல்ப் நேராகத் தெரியக் கூடாது, ஒளி மட்டும் தெரிய வேண்டும். இதற்கு 200 டாலர் தாண்டாது. மாற்றத்தைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள்.

அடுத்தது வாசல். கதவைத் திறந்ததும் முழு அறையும் தெரிந்துவிட்டால் பாதி போச்சு. நான்கு அடி அகலத்தில் மூங்கில் தட்டி ஒன்றை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, ஆளை ஒரு திருப்பம் திரும்பி வரவையுங்கள். வாஷிங் மெஷினும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

#3 நிழல்விளக்கு | ஃபோர்ட் லாடர்டேல், ஃப்ளோரிடா

மூங்கில்வேலி சொன்னதற்கு என் சாட்சி. நான் இருப்பது மை-கை என்ற டீக்கி உணவகம் இருக்கும் ஊரில். சிகாகோவிலிருந்து வந்த தார்ன்டன் சகோதரர்கள் 1956 டிசம்பரில் திறந்தது. அதன் மொலோகாய் பாரில் ஜன்னல் கண்ணாடிமேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், உள்ளே உட்கார்ந்தால் கப்பலில் மழைக்கு ஒதுங்கியது மாதிரி. 2020இல் கூரை இடிந்து மூடினார்கள். நான்கு வருடம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனம் பாரமாக இருக்கும். 2024 நவம்பரில் திரும்பத் திறந்தார்கள், முதல் மாதத்திலேயே போய் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

சத்தத்தையும் மறக்காதீர்கள். ஒரு சின்ன ஸ்பீக்கரை ஓலைக்குப் பின்னால் ஒளித்துவைத்து மார்ட்டின் டென்னியின் இசையைப் போடுங்கள். நடுவில் தவளை கத்தும், பறவை கூவும். சத்தம் கம்மியாக, பேச்சுக்குக் கீழே இருக்கட்டும்.

#4 பழங்கோப்பை | சிகாகோ

கோப்பையை நிறுத்து என்று மூங்கில்வேலி சொன்னது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் சரிதான்.

வாங்கியவற்றை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஓஎம்சி என்று இருந்தால் அது ஒட்டகிரி நிறுவனம், ஜப்பானில் செய்தது. காகித ஒட்டி என்பதால் பலவற்றில் விழுந்திருக்கும். ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய் என்று ஆர் எழுத்தோடு ஒரு எண் இருந்தால், பெயரில்தான் ஹவாய், கம்பெனி நியூயார்க்கின் பிராங்ஸில் இருந்தது. சீன உணவகங்களுக்காக மொத்தமாக வரவழைத்தவை, நிறையவே கிடைக்கும், அதிக விலை கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட ஓர் உணவகத்தின் பெயர் பொறித்தவைதான் அரிது. ஒஹாயோவின் கொலம்பஸில் 1961இல் திறந்த கஹிக்கி இருந்ததே, உள்ளே ஈஸ்டர் தீவின் மோஐ சிலை போன்ற ராட்சத முகத்தில் நெருப்பு எரியும், அதை 2000இல் இடித்துத் தள்ளினார்கள். அந்த உணவகத்தின் பெயர் போட்ட ஒரு கோப்பை என்னிடம் இருக்கிறது. விற்க மாட்டேன்.

ஈபேயில் ஏமாறாமல் இருக்க: படத்தில் விளிம்பையும் அடியையும் கேட்டு வாங்குங்கள். கைக்கு வந்ததும் விரலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் எங்கேயோ விரிசல். புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டுப்போட்ட இடம் தனியாக மின்னும். ஒருமுறை 140 டாலர் கொடுத்து, விற்பவர் பழுதில்லை என்று சொன்னதை நம்பி வாங்கினேன். டார்ச் அடித்தபோது காது முழுக்கப் பசை.

ரொம்ப முக்கியமானது: பழைய கோப்பையில் குடிக்காதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சில் ஈயம் இருக்கலாம். மேல்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் இன்னும் மோசம். டீக்கி பானங்களில் எலுமிச்சை இல்லாதது அபூர்வம், புளிப்பு ஈயத்தைக் கரைத்து எடுக்கும். பழையது அலமாரிக்கு. குடிக்க, உணவுக்கு உகந்த பூச்சு என்று சொல்லி விற்கும் இன்றைய தயாரிப்புகளை வைத்துக்கொள்ளுங்கள்.

#5 கடலோரக்கராஜ்

பழங்கோப்பை அண்ணா, மிக்க நன்றி. போன வாரம்தான் ஓஎம்சி ஒன்றில் மை தாய் ஊற்றிக் குடித்தேன். இனி இல்லை.

டியூப் லைட்டைக் கழற்றியாயிற்று. சுவருக்கு என்ன செய்வது?

#6 மூங்கில்வேலி

சுவரில் நேராக ஒட்டாதீர்கள். அரை அங்குல பிளைவுட் பலகைகளின் மேல் அலங்காரத்தைச் செய்து, பலகையைச் சுவரில் நான்கு ஸ்க்ரூவால் பிடியுங்கள். நாளைக்கு வீடு மாறினால் அறையை அப்படியே கழற்றிக்கொண்டு போகலாம். நான் இரண்டு வீடு மாறியிருக்கிறேன், அதே சுவர்கள்தான்.

பலகையின் கீழ்ப்பாதிக்கு மூங்கில் வேலிச்சுருள், தோட்டக் கடையில் கிடைக்கும். மேல்பாதிக்கு லௌஹாலா பாய். ஹவாய் மொழியில் லௌ என்றால் இலை, ஹாலா என்பது நம் தாழையின் இனம். தாழம்பாய் பார்த்த கைக்கு அந்தப் பின்னல் உடனே பிடிபடும். இரண்டும் சேரும் இடத்தில் பாதியாகப் பிளந்த மூங்கில் ஒன்றைக் குறுக்கே வைத்து, மணிலாக் கயிற்றால் கட்டுங்கள். ஆணி தெரியவே கூடாது. மூங்கிலில் ஆணி அடிக்கும் முன் துளை போடுங்கள், இல்லாவிட்டால் நீளவாக்கில் பிளந்துவிடும்.

உளுவண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நான் முதலில் கட்டிய கவுண்டருக்கு மலிவாக ஒருவரிடம் பச்சை மூங்கில் வாங்கினேன். எட்டு மாதத்தில் தரையில் மாவு மாதிரி தூள். உற்றுப் பார்த்தால் குண்டூசித் துளைகள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் அந்த வண்டு வரும். கவுண்டர் முழுவதையும் தூக்கிப் போட்டேன், பக்கத்தில் இருந்த செதுக்கு வேலைகளுக்கும் பரவிவிட்டது. இப்போது எந்த மூங்கிலையும் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துத்தான் உள்ளே விடுகிறேன். எஸ்டேட் சேலில் வாங்கும் சின்ன மரச்சிலைகளை நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக் கூடாது, அறைச்சூட்டுக்கு வரட்டும்.

ஓலை? உள்ளே அதிகம் வேண்டாம். கவுண்டருக்கு மேல் ஒரு சின்னக் கீற்றுப் பந்தல் போதும், அதற்கும் தீத்தடுப்புத் திரவம் அடித்துவிடுங்கள். கராஜில் தீக்கொழுந்து எரியும் பானம் எதுவும் செய்யாதீர்கள், தயவுசெய்து.

#7 நிழல்விளக்கு

கூரைக்கு மீன்வலை, அதில் கண்ணாடி மிதவைகள். ஜப்பானிய மீனவர்கள் வலையை மிதக்கவைக்கப் பயன்படுத்தியவை. அறுந்து, நீரோட்டத்தில் வருடக்கணக்கில் மிதந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கும். பழைய பாட்டில்களை உருக்கி ஊதியதால்தான் அந்தப் பச்சை. உள்ளே காற்றுக்குமிழ்கள், ஊதிய துளையை மூடிய கண்ணாடி முத்திரை, மேற்பரப்பில் கடல் தேய்த்த மங்கல், இவை இருந்தால் பெரும்பாலும் உண்மையானது. அலங்காரத்துக்கென்றே செய்ததும் வருகிறது, தப்பில்லை, அதற்கேற்ற விலை கொடுங்கள். உண்மையான மிதவையில் துளைபோட்டு விளக்காக்காதீர்கள். சாதாரண விளக்குக் குண்டை வாங்கிக் கயிற்று வலை பின்னினால் அதே தோற்றம் கிடைக்கும்.

முள்ளுப் பேத்தை மீனின் உலர்ந்த தோலில் செய்த விளக்கு வைத்தால் எல்இடி மட்டும், சூடு பட்டால் தோல் நொறுங்கும். ஆமை ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள், கடலாமை ஓட்டை வாங்குவது விற்பது சட்டவிரோதம். பழைய பார்களில் பார்ப்பீர்கள், அது அந்தக் காலம்.

#8 தென்காற்று | ஆக்லாந்து, நியூசிலாந்து

நல்ல இழை, ரசித்துப் படித்தேன். ஒரு விஷயம் சொல்லாமல் போக மனமில்லை.

நான் இங்கே 18 வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீடு மாவோரிக் குடும்பம். மாவோரி மரபில் தலை தபு, அதாவது புனிதம், தீண்டக் கூடாதது. உணவையும் தலையையும் ஒன்றுசேர்க்க மாட்டார்கள். தலையணையைச் சாப்பாட்டு மேசைமேல் வைக்க மாட்டார்கள், மேசைமேல் உட்கார மாட்டார்கள். என் மகள் பள்ளியில் சேர்ந்த உடனே கற்றுக்கொண்டது இதைத்தான். டீக்கி என்பது அவர்கள் கதைகள் பலவற்றில் முதல் மனிதனின் பெயர். பச்சைக்கல்லில் செதுக்கிக் கழுத்தில் அணியும் ஹேய்-டீக்கி தலைமுறை தலைமுறையாகக் கைமாறும், சிலவற்றுக்குத் தனிப்பெயரே உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். தலையின் வடிவத்தில் கோப்பை, அதற்குள் மது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு கடையின் படத்தைக் காட்டினேன். கோபப்படவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஹவாயின் கூ என்ற தெய்வத்தின் உருவமும் அப்படித்தான். 1819இல் பழைய கபு முறை, அதாவது மதத் தடைகளின் முறை, கைவிடப்பட்டபோது ஏராளமான சிலைகள் எரிக்கப்பட்டன. பெரிய கூ சிலைகளில் மிஞ்சியவை மூன்றுதான். ஹோனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று, மாசசூசெட்ஸின் சேலத்தில் ஒன்று. 2010இல் மூன்றையும் ஹோனலுலுவில் ஒன்றாக நிறுத்தினார்கள். மூன்றே மூன்று மிஞ்சிய ஒரு உருவத்துக்குக் கோப்பைகள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பார் கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. எந்த உருவத்தை எதற்கு வைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

#9 பழங்கோப்பை

தென்காற்று, மரியாதையோடு மறுக்கிறேன். இந்தக் கோப்பைகள் ஹவாய், நியூசிலாந்து எல்லாம் சேர்ந்த பாலினேசியத் தீவுகளைக் காட்டுவதாக எந்தச் சேகரிப்பாளரும் நினைப்பதில்லை. இது கலிஃபோர்னியாவில் பிறந்த கலை. போரில் பசிபிக் போய்த் திரும்பிய சிப்பாய்கள், 1947இல் தோர் ஹேயர்டால் மரத்தெப்பத்தில் பசிபிக் கடல் கடந்த செய்தி, 1959இல் ஹவாய் மாநிலமானது, எல்லாம் சேர்ந்து உண்டான ஒரு அமெரிக்கக் கனவு. கலிஃபோர்னியாவின் விட்டியரில் ஓஷியானிக் ஆர்ட்ஸ் என்ற செதுக்குப் பட்டறை 1956இலிருந்து 2021 வரை நடந்தது. லெராய் ஷ்மால்ட்ஸும் பாப் வான் ஊஸ்டிங்கும் ஒரு வாழ்நாள் முழுக்க மரம் செதுக்கினார்கள். அந்த உழைப்பையும் நாம் மதிக்க வேண்டும். இவற்றைச் சேர்த்துக் காப்பாற்றாவிட்டால் கஹிக்கி போன மாதிரி எல்லாம் போய்விடும்.

#10 தென்காற்று

காப்பாற்றுங்கள், அதில் எனக்கும் சம்மதம். அமெரிக்கக் கனவு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கனவில் வரும் முகம் இன்றும் உயிரோடு இருக்கும் மக்களின் முன்னோர் முகம். அலமாரியில் வரலாறாக வைப்பது ஒன்று, வாய்வைத்துக் குடிப்பது இன்னொன்று. என் கேள்வி இரண்டாவதைப் பற்றி மட்டும்தான்.

#11 மூங்கில்வேலி

நான் இதில் தென்காற்று பக்கம். என் அறையில் மூன்று வருடத்துக்கு முன் செதுக்கிய முகங்களை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக டோங்கா நாட்டு ங்காத்து என்ற பட்டைத்துணி ஒன்று தொங்குகிறது. காகித மல்பெரி மரத்தின் உள்பட்டையை மரக்கட்டையால் அடித்து அடித்துப் பெண்கள் கூடிச் செய்வது. விற்றவரிடம் யார் செய்தது, எந்தத் தீவு என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அறைக்கு அது கொடுத்த கனம் எந்தச் சிலையும் கொடுத்ததில்லை.

இன்னொரு கடனும் இருக்கிறது. டான் பீச்சின் கவுண்டருக்குப் பின்னால் நின்று கலக்கியவர்களில் பலர் பிலிப்பினோக்கள். ரே புஹேனும் அங்கே வேலை பார்த்தவர்தான். செய்முறை வெளியே போகாமல் இருக்க டான் பாட்டில்களில் பெயருக்குப் பதில் எண்ணும் குறியும் போட்டுவைத்தார். டான்ஸ் மிக்ஸ் என்று எழுதியிருந்தது வெறும் கிரேப்ஃப்ரூட் சாறு இரண்டு பங்கு, பட்டைப் பாகு ஒரு பங்கு என்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகு டீக்கி பான ஆய்வாளர் ஜெஃப் பெரி துருவிக் கண்டுபிடித்துத்தான் எல்லோருக்கும் தெரியவந்தது. அவருக்கு வழிகாட்டியது அந்த மனிதர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த குறிப்பேடுகள். வீட்டு பாரில் ஏதாவது படம் மாட்டுவதானால் நான் அவர்கள் படத்தை மாட்டுவேன்.

#12 சர்பத்பிரியை | ஹூஸ்டன்

எங்கள் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை, ஆனாலும் இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. மது இல்லாமல் நடக்குமா?

#13 மூங்கில்வேலி

தாராளமாக, அக்கா. டீக்கி பானத்தின் ருசியில் பெரும்பங்கு பாகுகளில்தான் இருக்கிறது. ஆர்ஜா என்பது பாதாம் பாகு. தோல் நீக்கிய பாதாமை அரைத்து, பால் பிழிந்து, சர்க்கரை கரைத்து, ஆரஞ்சுப்பூ நீர் சில துளி. நம் வீட்டு பாதாம் பால் செய்பவருக்கு அது அரை நாள் வேலை கூட இல்லை. பட்டைப் பாகு, பேஷன் பழப் பாகு, பிழிந்த அன்றே எலுமிச்சைச் சாறு, நொறுக்கிய ஐஸ். பாட்டில் சாறு மட்டும் வேண்டாம்.

மது குடிப்பவர்களுக்கு, நான் முன்பு சொன்ன மை தாய்: அதில் அன்னாசி ஊற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெர்ஜரான் செய்ததில் அது கிடையாது. வயதான ரம், எலுமிச்சை, ஆரஞ்சு குராசோ என்ற இனிப்பு மது, ஆர்ஜா, கொஞ்சம் கற்கண்டுப் பாகு. பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் ஒரு புதினாக் கிளை. பார்த்தால் ஒரு தீவும் தென்னையும்.

#14 கடலோரக்கராஜ்

ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறேன். எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

விளக்குக்கு 180 டாலர், ஒன்பது விளக்கு. சுவருக்கு 620. வலையும் ஐந்து மிதவையும் 240, அதில் ஒன்று உண்மையானது, ஓரிகானில் ஒரு வயதான மீனவர் விற்றார். வாசல் தட்டியை நானும் மகனும் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து கட்டினோம்.

23 கோப்பைகளையும் எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றும் எந்தத் தீவின் எந்த உருவம் என்று பார்த்தேன். 11 முகங்கள். அவற்றைக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனி அலமாரியில், எந்த ஊரில் எப்போது செய்தது என்று சீட்டு எழுதி வைத்துவிட்டேன். விருந்தினருக்குத் தேங்காய், மூங்கில் கணு, பீப்பாய் வடிவக் கோப்பைகள், எல்லாம் புதியவை. பழங்கோப்பை அண்ணா, உங்களுக்கு இதில் முழுச் சம்மதம் இருக்காது என்று தெரியும்.

அப்புறம் மழை. கராஜின் பின்பக்கம் சன்ஷேடுக்கு மேல் ஒரு தகரத் தகடு வைத்து, துளையிட்ட குழாயை ஓடவிட்டேன். தண்ணீர் ஒரு தொட்டியில் விழுந்து சின்ன பம்பில் திரும்ப ஏறும். முதல் நாள் இரவு சுவிட்சைப் போட்டபோது என் மனைவி துணி காய்கிறது என்று எழுந்து ஓடினார். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக ஒரு கேள்வி. சமோவாவில் செய்த சியாப்போ என்ற பட்டைத்துணி ஒன்று வாங்கியிருக்கிறேன், மூன்றடிக்கு நான்கடி. ஆணி அடிக்க மனம் வரவில்லை. எப்படித் தொங்கவிடுவது?

#15 பழங்கோப்பை

கோப்பை விஷயத்தில் நான் மாறவில்லை தம்பி, ஆனால் சீட்டு எழுதி வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. படம் போடு.

#16 தென்காற்று

காந்தம். சுவர்ப்பலகையில் மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றைத் திருகி, சியாப்போவின் மேல்விளிம்பை அதன்மேல் வைத்து, சின்னக் காந்தங்களால் பிடியுங்கள். காந்தத்துக்கும் பட்டைத்துணிக்கும் நடுவே அமிலமில்லாத காகிதத் துண்டு. ஒரே இடத்தில் இழுவை விழாமல் நான்கு அங்குலத்துக்கு ஒன்று. வெயிலோ விளக்கோ நேராகப் படக் கூடாது, சாயம் மங்கும். உங்கள் அறையில் அந்தக் கவலை இல்லை. மழைக்குழாய் இருக்கும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், ஈரம் ஆகாது.